மண்ணில் பறந்த வானூர்தி

நுழையும்முன்

விண்ணில் பறக்க விழைவோர் தரையில் அமர்ந்தே பயில உதவும் பொறிகள் இன்று உலகெங்கும் உள்ளன. அவற்றின் முன்னோடி ஆய்வகத்தில் பிறந்ததன்று. இசைக்கருவி செய்யும் தொழிற்கூடமொன்றின் நிலவறையில், துருத்திகளையும் மின்மோட்டாரையும் கொண்டு உருவானது அது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ளது பிங்காம்டன் நகரம். அங்குத் தானியங்கிப் பியானோக்களும் ஆர்கன்களும் செய்யும் தொழிற்கூடத்தை நடத்திவந்தவரின் மகன் எட்வின் லிங்க் (1904–1981). அவர் 1920ஆம் ஆண்டில் ஐம்பது டாலர் கொடுத்துத் தம் முதல் பறத்தல் பயிற்சியைப் பெற்றார். அந்நாளில் அது பெருந்தொகை. ஆசிரியரோ வானில் கரணமடித்துக் காட்டினாரே தவிர, மாணவரைக் கட்டுப்பாட்டுக்கோலைத் தொடவும் விடவில்லை. பறத்தலைச் செலவின்றியும் இடரின்றியும் பயில வழியில்லையா என்னும் வினா லிங்க்கின் உள்ளத்தில் வேரூன்றியது.

துருத்தியின் ஆற்றல்

விடை, அவர் நாள்தோறும் கையாண்ட பொருள்களிலேயே இருந்தது. தானியங்கிப் பியானோவில் துளையிட்ட தாள்சுருள் ஒன்று நகரும். துளை வாய்க்கும் இடத்தில் காற்று உட்புகும். அதனால் வால்வு திறந்து, சிறு துருத்தியொன்று சுருங்கிக் கட்டையை இயக்கும். ஒரு கட்டையை அசைக்கும் துருத்தி, பெரிதாக அமைந்தால் ஓர் ஆளையே அசைக்காதா?

1927 முதல் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்காலம் லிங்க் அந்நிலவறையில் உழைத்தார். குட்டையான இறக்கைகளைக் கொண்ட மரத்தாலான சிறு வானூர்தி உடலைச் செய்து, எப்பக்கமும் சாயவல்ல மூட்டின்மேல் நிறுத்தினார். அதன் அடியில் துருத்திகளைப் பொருத்தினார். மின்மோட்டாரால் சுழலும் எக்கி காற்றை உறிஞ்சியது. கட்டுப்பாட்டுக்கோலை இடப்புறம் சாய்த்தால் இடத் துருத்தி சுருங்கும். வலத் துருத்தி விரியும். உடல் இடப்புறம் சாயும். முன்னும் பின்னும் அவ்வாறே. கால்மிதிகளை அழுத்தினால், துருத்திகளால் இயங்கும் தனி விசையமைப்பு பொறி முழுவதையும் சுழற்றும். மேல்கீழாய் அசைதல், பக்கவாட்டில் சாய்தல், திசைமாறித் திரும்புதல் என்னும் மூவகை இயக்கமும் இவ்வாறு கைகூடின.

1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார் லிங்க். ஆனால் பறத்தல் பள்ளிகள் இதனைப் பெரிதாகக் கருதவில்லை. கேளிக்கைப் பூங்காக்களே வாங்கின. உயிர்காக்கும் கருவி, சிறிது காலம் விளையாட்டுப் பொருளாகவே விளங்கியது.

புலன் செய்யும் சூது

அசைவைக் காட்டுவது மட்டும் போதாது என்பதை லிங்க் உணர்ந்தார். மனிதனின் உட்செவியில் அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றிலுள்ள நீர்மத்தின் அசைவே உடல் திரும்புவதை மூளைக்கு உணர்த்துகிறது. வானூர்தி ஒரே சீராக நெடுநேரம் வளைந்து சென்றால் நீர்மமும் உடன் சுழலத் தொடங்கிவிடும். திரும்பும் உணர்வு மறைந்துவிடும். பின்னர் வானூர்தியை நேராக்கினால், எதிர்ப்புறம் திரும்புவதாகத் தோன்றும். பகலொளியில் அடிவானம் இப்பொய்யைத் திருத்தும். முகிலுக்குள் திருத்துவார் யார்? தம் உணர்வை நம்பியவர்கள் சுழன்று வீழ்ந்தனர். கருவிகளை நம்பக் கற்பதே அங்கு உயிர் பிழைக்கும் வழி.

ஆதலால் லிங்க் பொறியினுள் உயரமானி, திசைகாட்டி முதலியவற்றைப் பொருத்தினார்; வெளியுலகம் தெரியாதவாறு மூடியும் அமைத்தார். இம்மேம்பாடே பொறியின் போக்கை மாற்றியது எனலாம்.

நியூவார்க்கில் ஒரு நாள்

1934 பிப்ரவரியில் அமெரிக்க அரசு, வான்வழி அஞ்சல் பணியைத் தனியார் நிறுவனங்களிடமிருந்து எடுத்து இராணுவ வான்படையிடம் ஒப்படைத்தது. கருவிவழிப் பறத்தலில் போதிய பயிற்சியற்ற விமானிகள் கடுங்குளிரிலும் பனிமூட்டத்திலும் பறந்தனர். சில மாதங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அப்போது படை அதிகாரிகள் லிங்க்கைக் காண நியூவார்க் வானூர்தி நிலையத்தில் காத்திருந்தனர். பனிமூட்டம் அடர்ந்திருந்ததால் அவர் வரமாட்டார் என்றே எண்ணினர். லிங்க் கருவிகளை மட்டுமே நம்பிப் பறந்து வந்து இறங்கினார். விளக்கவுரைக்குத் தேவையே எழவில்லை. பொறி ஒன்றுக்கு 3,500 டாலர் வீதம் ஆறு பொறிகளை வான்படை வாங்கியது.

நண்டின் கோடு

பயிற்றுநர் மேசைமேல் ஊர்ந்த சிறு கருவியொன்று பின்னர் இணைக்கப்பட்டது. அதனை 'நண்டு' என்றே அழைத்தனர். பொறிக்குள் இருக்கும் மாணவர் பறப்பதாகக் கருதும் வழியெல்லாம் நண்டு நிலப்படத்தின்மேல் மைக்கோடிட்டுச் செல்லும். மூடியைத் திறந்து வெளிவந்த மாணவர், தாம் எங்குத் திசைதவறினார் என்பதை அக்கோட்டில் கண்ணாரக் காணலாம். வாய்மொழியாகக் கூறும் திருத்தத்தைவிட அது வலிமையானது.

இரண்டாம் உலகப்போரின்போது இலட்சக்கணக்கான விமானிகள் இப்பொறியில் பயின்றனர். நீலநிறம் பூசப்பட்டிருந்ததால் 'நீலப்பெட்டி' என்னும் பெயர் அதற்கு வழங்கியது.

எனினும் முழு உடலும் மேலெழுதல், பக்கவாட்டில் நகர்தல், முன்பின் பெயர்தல் ஆகிய மூன்றும் துருத்திகளுக்கு எட்டவில்லை. நீண்டு சுருங்கும் ஆறு கால்களின்மேல் நிற்கும் மேடை அக்குறையைத் தீர்த்தது. இன்றைய பயணிகள் வானூர்திக்கான பயிற்சிப் பொறிகள் பெரும்பாலும் அத்தகைய மேடைமீதே அசைகின்றன. அம்மேடையை 1950களில் எரிக் காஃப் என்னும் பொறியாளர் வடிவமைத்தது வானூர்திக்காக அன்று, டயர்களைச் சோதிப்பதற்காக.