காற்றுப் பிரியும் முன்பே குழாய் உணவா?

கேள்வி: என் அப்பாவுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக ஆபரேஷன் நடந்தது. மறுநாளே வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத் திரவ உணவு கொடுக்கிறார்கள். இன்னும் காற்றுப் பிரியவில்லை. குடல் வேலை செய்யாதபோது உணவு கொடுப்பது ஆபத்தில்லையா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பயப்பட வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு குடல் முழுவதும் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. சிறுகுடல் சில மணி நேரத்திலேயே அசையத் தொடங்கிவிடும். இரைப்பைக்கு ஓரிரு நாள், பெருங்குடலுக்கு 2 முதல் 3 நாள் அல்லது சற்றுக் கூடுதலாகவும் ஆகலாம். காற்றுப் பிரிவது பெருங்குடல் தரும் சேதி. அதற்காகச் சிறுகுடலைப் பட்டினி போடத் தேவையில்லை.

அப்பாவின் குழாய் சிறுகுடலில் இருந்தால், உணவு தையல் போட்ட இடத்தைத் தாண்டி நேராக உள்ளே போகிறது. பொதுவாக 24 முதல் 48 மணி நேரத்துக்குள், மணிக்கு 10 முதல் 20 மில்லி என்ற அளவில் ஆரம்பித்து மெல்லக் கூட்டுவார்கள். இந்தச் சிறிதளவு உணவே குடலின் உட்சுவரைக் காக்கும். குடல் அசைவையும் தூண்டும்.

வயிறு உப்புதல், கடும் வலி, வாந்தி, தொடர் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். வேகத்தைக் குறைப்பார்கள், அல்லது நிறுத்திவிட்டுப் பரிசோதிப்பார்கள். நீங்களாக வேகத்தை மாற்றாதீர்கள். கஞ்சி, ஜூஸ் எதையும் குழாயில் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும். வலிக்குத் தரும் மார்ஃபின் வகை மருந்துகள் குடலை மந்தப்படுத்துவதாலும் காற்றுப் பிரியத் தாமதமாகலாம். டாக்டர் அனுமதித்ததும் அப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வையுங்கள்.