காற்றுக்கும் ஒரு தராசு



கடை திறந்ததும் தராசில் சைபர் நிற்கிறதா என்று பார்ப்பது நமக்குத் தொழிலோடு வந்த பழக்கம். அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருமறையில் ஓர் அத்தியாயம் இருக்கிறது என்பதை வியாபாரிகளான நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு கேள்வி. நாள் முழுவதும் நாம் உள்ளே எடுத்துக்கொள்ளும் பொருள்களில் எடை அதிகமானது எது? சோறா, தண்ணீரா? இரண்டுமல்ல. காற்றுதான். ஒரு மனிதன் நாளொன்றுக்குச் சுமார் 11,000 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறான் என்று கணக்கிடுகிறார்கள். எடை போட்டால் பத்துக் கிலோவுக்கும் மேல். இத்தனை பெரிய சரக்கை மட்டும் நாம் நிறுக்காமலும் தரம் பார்க்காமலும் வாங்கிக்கொள்கிறோம்.

அதை நமக்காக நிறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதிவைக்கும் கணக்கைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் குறைவு. ஆகவே இம்மாதம் அதையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

பெருநகரங்கள் காற்றுக்குக் கணக்கு வைக்கக் கற்றது அடிபட்ட பிறகுதான். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மாநகரை நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து மூடிக்கொண்டன. அதனால் மாண்டவர்கள் சுமார் 4,000 பேர் என்று அப்போது கணக்கிட்டார்கள். பிற்கால ஆராய்ச்சிகள் அது 12,000 வரை இருக்கலாம் என்கின்றன. 1956-இல் அங்கே தூய காற்றுச் சட்டம் வந்தது. சிங்கப்பூர் அவ்வளவு தூரம் காத்திருக்கவில்லை. ஜூரோங்கில் ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1970-இல், பிரதமர் அலுவலகத்தின் கீழ் தூய்மைக்கேட்டுத் தடுப்புப் பிரிவு ஒன்று ஏற்பட்டது. மறுவருஷம் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது.

இனிக் கணக்குக்கு வருவோம். தேசிய சுற்றுப்புற வாரியம் தீவை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என்று ஐந்து வட்டாரங்களாகப் பிரித்து, மணிக்கு மணி காற்றின் நிலையை வெளியிடுகிறது. நிறுக்கப்படும் சரக்குகள் ஆறு: பி.எம். 10 என்னும் தூசி, பி.எம். 2.5 என்னும் நுண்தூசி, கந்தக டையாக்சைடு, நைட்ரஜன் டையாக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு புள்ளி போட்டு, அவற்றில் எது அதிகமோ அதையே அன்றைய காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு என்று அறிவிக்கிறார்கள். ஐந்து மூட்டை நல்ல அரிசி இருந்தும் ஒரு மூட்டை புழுத்திருந்தால், புழுத்த மூட்டையைக் கொண்டே சரக்கை மதிப்பது போல. இது நியாயமான முறை என்றே நமக்குப் படுகிறது.

குறியீடு 50 வரை நன்று. 100 வரை மிதம். 200 வரை ஆரோக்கியக் கேடு. 300 வரை மிகுந்த கேடு. அதற்கு மேல் அபாயம். மலேசியாவில் ஐ.பி.யு. என்று சொல்லும் கணக்கிலும் படிகள் இவையே.

இந்த ஆறில் நம்மைப் பெரும்பாலும் வாட்டுவது பி.எம். 2.5. தலைமயிரின் குறுக்களவில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே உள்ள துகள் இது. மூக்கிலுள்ள மயிரும் தொண்டைச் சளியும் பெரிய தூசியை நிறுத்திவிடும். இதை நிறுத்த முடியாது. நுரையீரலின் அடிவரை சென்று, அதில் மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன. காற்றுக் கேடு என்றால் இருமலும் கண்ணெரிச்சலும்தான் என்று நினைப்பது தவறு. மாரடைப்பும் பக்கவாதமும் அதன் கணக்கில் சேர்ந்தவை.

கண்ணுக்குத் தெரியாத இதை எப்படி நிறுக்கிறார்கள் என்று கேட்கலாம். ஒரு வகைக் கருவி, காற்றை ஒரே அளவாக உறிஞ்சி ஒரு வடிகட்டி நாடாவின் மேல் செலுத்துகிறது. நாடாவில் தூசி படியும். அதன் ஊடே பீட்டாக் கதிரைப் பாய்ச்சினால், தூசி எவ்வளவு கனமாகப் படிந்திருக்கிறதோ அவ்வளவுக்குக் கதிர் மட்டுப்படும். அதிலிருந்து, ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் என்று எடை கிடைக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். வெளியாகும் எண்கள் இரண்டு. குறியீடு என்பது கடந்த 24 மணி நேரத்தின் சராசரியைக் கொண்டு போடுவது. மற்றொன்று, அந்த ஒரு மணி நேரத்தில் இருந்த பி.எம். 2.5-இன் அளவு. முன்னது பேரேடு, பின்னது கல்லாப்பெட்டி. பேரேட்டில் லாபம் தெரிந்தாலும் கல்லாவில் காசில்லாமல் போகலாமல்லவா? அப்படியே, பிற்பகல் மூன்று மணிக்குத் திடீரென்று புகைமூட்டம் இறங்கினால் 24 மணிக் குறியீடு இன்னும் சாந்தமாகவே இருக்கும், காலை முழுவதும் நல்ல காற்று இருந்தபடியால். புகை கலைந்த பின்பும் அது உயர்ந்தே நிற்கும். ஆகவே நாளைக்கு என்ன செய்வது என்று திட்டமிடக் குறியீட்டைப் பாருங்கள். இப்போது லாரியிலிருந்து சரக்கிறக்கலாமா, தொழுகைக்கு நடந்து போகலாமா என்பதற்கு ஒரு மணி அளவைப் பாருங்கள். அது 55 வரை வழக்கமான நிலை, 56 முதல் 150 வரை உயர்வு, 250 வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. குறியீடு 100 என்றால் பி.எம். 2.5 நாள் சராசரி 55 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த நாள் அளவோ 15தான். அந்த 15-ஐ நமது குறியீட்டில் வைத்துப் பார்த்தால் 53, 54 அருகில் வருகிறது. ஆகவே 'மிதம்' என்ற சொல்லைக் கண்டு எல்லாம் சரி என்று இருந்துவிடக் கூடாது. ஆஸ்துமாக்காரருக்கும் இருதய நோயாளிக்கும் 90 என்பது 40 அல்ல.

தராசையே திருத்த வேண்டிவந்த கதையையும் சொல்ல வேண்டும். 2013 ஜூன் 21 அன்று நண்பகலில் சிங்கப்பூரில், 3 மணி நேரச் சராசரியில், குறியீடு 401 என்று வந்தது. அதே வாரத்தில் ஜொகூரின் மூவாரில் ஐ.பி.யு. 700-ஐத் தாண்டி, அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அச்சமயம் சிங்கப்பூர்க் குறியீட்டில் பி.எம். 10 இருந்ததேயன்றி நுண்தூசி சேரவில்லை. அதைத் தனியாக வெளியிட்டார்கள். ஒரே காற்றுக்கு இரண்டு கணக்கு என்று ஜனங்கள் குழம்பினார்கள். 2014 ஏப்ரல் 1 முதல் பி.எம். 2.5-ஐக் குறியீட்டிலேயே சேர்த்தார்கள்.

அந்த நாட்களில் என்-95 முகக்கவசம் கடைகளில் தீர்ந்துபோனது பலருக்கு நினைவிருக்கும். ஜனங்களின் தேவை முற்றியிருக்கும்போது சரக்கை ஒளித்துவைத்து விலையேற்றுவதை நம் மார்க்கச் சட்டம் இஹ்திகார் என்று விலக்கியிருக்கிறது. அரிசிக்கும் கோதுமைக்கும் மட்டும் அதை ஓதிவிட்டு, முகக்கவசத்துக்கு மறந்துவிடுவது சரியாகாது. வாங்குபவருக்கு உண்மையைச் சொல்வதும் கடமைதான்: துணிக் கவசம் நுண்தூசியைப் போதிய அளவு தடுக்காது, முகத்தோடு படிந்து நிற்கும் என்-95தான் தடுக்கும்.

புகைமூட்டம் சுமத்திரா, கலிமந்தான் பகுதிகளிலிருந்து வருகிறது. சதுப்புக் கரிமண் நிலத்தை வடித்து உலர்த்தித் தோட்டம் போடுகையில், தீ வைத்து நிலத்தைத் திருத்துகிறார்கள். கரிமண் தரைக்குள்ளேயே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று அதை நம் பக்கம் தள்ளிவிடும். 1997-லும் 2015-லும் எல் நினோ வறட்சி சேர்ந்துகொண்டதால் நிலைமை மிக மோசமாயிற்று. 2015 செப்டம்பர் 25 அன்று சிங்கப்பூரில் தொடக்கப் பள்ளிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் மூடப்பட்டன. 2014-இல் இயற்றிய எல்லை தாண்டிய புகைமூட்டச் சட்டம், வெளிநாட்டில் தீயிட்ட கம்பெனியையும் இங்கே வழக்குக்கு இழுக்க இடம் தருகிறது.

ஆனால் எல்லாப் பழியையும் அக்கரையின் மேல் போட்டுவிட்டு நாம் கைகழுவ முடியாது. வருஷத்தில் பெரும்பகுதி புகைமூட்டம் இல்லை. அப்போதும் தராசு முள் அசைந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தப் பங்கு ஆலைகள், கப்பல்கள், வாகனங்கள், அடுப்புகளுடையது. பெரிய இடங்களில் சர்க்கார் கைவைத்திருக்கிறது. மின்சாரத்துக்கு எண்ணெய் எரிப்பதை விட்டு, பெரும்பாலும் இயற்கை வாயுவுக்கு மாறினார்கள். 2020 முதல் உலகக் கப்பல்களின் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைந்தது. சிங்கப்பூரில் 2018 முதல் புதிய டீசல் வாகனங்கள் யூரோ ஆறு தரத்தில் இருக்க வேண்டும். 2025 முதல் புதிய டீசல் காருக்குப் பதிவே இல்லை.

மிச்சம் நம்முடையது. கடைவாசலில் வேனை நிறுத்திவிட்டு, குளிர்சாதனத்துக்காக இயந்திரத்தை ஓடவிடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் புகைக்குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது? அஞ்சடியில் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பிள்ளையின் மூக்குக்குச் சற்றுக் கீழே.

சாப்பாட்டுக்கடை சகோதரர்களுக்கு ஒரு பழைய செய்தி. 12-ஆம் நூற்றாண்டில் ஷாம் தேசத்தில் அஷ்ஷைஸரீ என்பவர், அங்காடிக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபின் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ரொட்டிக்கடைக்காரரைப் பற்றிய பகுதியில் மாவைப் பற்றி மட்டும் பேசவில்லை. கடையின் கூரை உயரமாக இருக்கவேண்டும், புகை போகக் கூரையில் அகலமான வழி விடவேண்டும், ஜனங்களுக்கு இடைஞ்சல் கூடாது என்றும் விதிக்கிறார். எடைக்கல்லைச் சோதித்த அதே அதிகாரி புகைபோக்கியையும் சோதித்தார்! நம் கடைகளில் ரொட்டிக்கல்லுக்கு மேலுள்ள புகை உறிஞ்சியின் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்து எத்தனை மாதமாயிற்று? எண்ணெய்ப்பிசுக்கு அடைத்த வடிகட்டி புகையை இழுக்காது. கல்லின் முன் நிற்பவரிடமே திருப்பிவிடும். கரி அடுப்பில் வாட்டும் சாத்தேயின் புகையும் அதே பி.எம். 2.5தான். வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு போடும் சாம்பிராணியும் அவ்வாறே. (சாம்பிராணியும் சுமத்திராவின் பழைய ஏற்றுமதிச் சரக்குதான் என்பது வேறு விஷயம்.) போட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, ஜன்னலைத் திறந்துவைத்துக் கொஞ்சமாகப் போடலாம்.

புகைமூட்ட நாளில் முதலாளி கண்ணாடிக் கதவுக்குள் கல்லாவில் இருக்கிறார். சிப்பந்தித் தம்பி அஞ்சடியில் நின்று கூவி அழைத்து, மூட்டையும் தூக்குகிறான். பாரம் தூக்குபவன் மூச்சை ஆழமாகவும் வேகமாகவும் இழுக்கிறான். உட்கார்ந்திருப்பவரைவிடப் பல மடங்கு காற்று, ஆகவே பல மடங்கு தூசி, அவன் நுரையீரலுக்குள் போகிறது. ஆஸ்துமா உண்டு என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்று மறைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பருவம் தொடங்கும் ஜூனுக்கு முன்பே, யாருக்கு மூச்சுக் கோளாறு, யாருக்கு இருதயக் கோளாறு என்று தனியே அழைத்துப் பரிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி அளவு 150-ஐத் தாண்டினால் சரக்கிறக்குவதைத் தள்ளிப்போடவும், அப்படிப்பட்டவர்களை உள்ளே மாற்றவும் இப்போதே ஒரு முறை வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு இரண்டு என்-95 பெட்டியில் இருக்கட்டும். தொழுகை நேர அட்டை தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில், மேலே சொன்ன இரண்டு கணக்கின் படிகளையும் ஒரு தாளில் எழுதி, தமிழிலும் மலாயிலும், கடைப்பிள்ளைகள் பார்க்கும் உயரத்தில் ஒட்டிவையுங்கள்.