சாமானுக்கு முன் முகவரி

கேள்வி: என் கணவர் இன்னும் சில மாதங்களில் நெய்வேலி சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். 28 வருடமாக இருக்கும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். உடனே வேறு வீடு பார்க்காமல், அவர், நான், கல்லூரி முடித்த சின்ன மகள் மூவரும் ஒரு வருடம் ஊர் சுற்றிவிட்டு வரலாம் என்றிருக்கிறோம். காசி, இமயமலைப் பக்கம், வடகிழக்கு மாநிலங்கள், கடைசியாக ஜெர்மனியில் இருக்கும் மகனிடம் இரண்டு மாதம். மூத்த மகள் திருச்சியில் இருக்கிறாள். பிறகு நாங்களும் அங்கேயே வீடு வாங்கலாம் என்ற எண்ணம். கொழுந்தனார் விருத்தாசலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில். பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சீர்ப் பாத்திரம், பட்டுப்புடவை, புத்தகம் என்று வீடு நிறையச் சாமான். எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளிவிடுவது, எங்கே போட்டுவைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நெய்வேலி

பதில்: சாமான்களையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டீர்கள். கட்டுவதற்கு மிகக் கடினமான ஒன்று அந்த வரிசையில் விட்டுப்போயிருக்கிறது: உங்கள் முகவரி. சொந்த வீட்டுக்காரர் ஒரு வருடம் வெளியூர் போனால் கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பார். வருகிற கடிதம் கதவிடுக்கில் கிடக்கும். அவர் பெயர் அந்த வாசலிலேயே இருக்கும். 1956-இல் நிறுவனம் தொடங்கி, சுரங்கத்தையொட்டி எழுந்த டவுன்ஷிப்பில் வீடு முதல் நாளிலிருந்தே நிறுவனத்துக்குச் சொந்தம். நீங்கள் பூட்டப்போவதில்லை, சாவியை ஒப்படைக்கப்போகிறீர்கள். அன்றே பிளாக், சாலை, வீட்டு எண், 607801 என்று 28 வருடம் எழுதிவந்த வரிகள் அடுத்து ஒதுக்கீடு பெறுகிறவருக்குப் போய்விடும். அதனால் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: திரும்பி வரும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள், முகவரியை அங்கே மாற்றுங்கள், சாமான்களைப் பற்றி அதற்குப் பிறகு யோசியுங்கள். இந்த வரிசையில் போனால் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

முகவரிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று கேட்கலாம். ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், வங்கிக் கணக்கு, காஸ் இணைப்பு, பாஸ்போர்ட், மருத்துவக் காப்பீடு எல்லாமே அந்த நான்கு வரியில்தான் தொங்குகின்றன. இதில் சட்டத்தின் பார்வையைக் கவனியுங்கள். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, வழக்கமாக வசிக்கும் இடத்தை விட்டுத் தற்காலிகமாக வெளியே போனவர் அங்கே வசிப்பவர் என்ற தகுதியை இழக்கமாட்டார் என்கிறது. ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருப்பது மட்டுமே அங்கே வசிப்பதற்கு அடையாளமாகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஊர் சுற்றுகிறவருக்குச் சட்டம் இடம் கொடுக்கத்தான் செய்கிறது; ஆனால் அவர் எந்த வீட்டை விட்டுப் போனார், எந்த வீட்டுக்குத் திரும்புவார் என்பதற்கு ஒரு பதில் இருக்க வேண்டும். 2025 நவம்பர் 4-ஆம் தேதி தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வீடு வீடாகப் படிவம் வந்தது நினைவிருக்கும். பட்டியலில் உள்ள முகவரியில் வேறொரு குடும்பம் இருந்தால் உங்களுக்கான படிவத்தை வாங்க அங்கே யார் இருப்பார்கள்?

நெய்வேலி முகவரியை அப்படியே விட்டுவைத்து, வந்த பிறகு மாற்றினால் போதாதா? பலரும் செய்வது அதுதான். ஆனால் டெபிட் கார்டு, காசோலைப் புத்தகம், வருமான வரி அறிவிப்பு, காப்பீட்டுக் கடிதம் எல்லாம் இன்னும் தபாலில்தான் வருகின்றன. பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்க ஆள் வேண்டும் என்பது மாறவில்லை. அந்த வீட்டில் புதிதாகக் குடியேறியவர் நல்லவராகவே இருக்கட்டும், உங்கள் வங்கிக் கடிதத்துக்குக் கையெழுத்துப் போட அவருக்கு உரிமையும் இல்லை, கடமையும் இல்லை. இதே டவுன்ஷிப்பைச் சுற்றி, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து மாற்றுக் குடியிருப்புக்குப் போன கிராமத்தார் எவ்வளவு காலமாகப் பட்டா கேட்டு வந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மூட்டை முடிச்சைக் கொண்டுபோய் இறக்குவது ஒரு நாள் வேலை. இடம் காகிதத்தில் நம்முடையதாவதற்குத்தான் காலம் பிடிக்கும்.

இப்போதுதான் எல்லாம் போனிலேயே இருக்கிறதே என்பது அடுத்த ஆட்சேபம், அதில் பாதி நியாயம் உண்டு. 2014-இல் வந்த ஜீவன் பிரமாண் மூலம் ஓய்வூதியரின் உயிர்வாழ்வுச் சான்றை எங்கிருந்தும் கொடுக்கலாம். இப்போது போன் கேமராவில் முகத்தைக் காட்டினாலே போதும். இ.பி.எஸ். 95 ஓய்வூதியர்கள் நவம்பருக்குக் காத்திருக்கவும் வேண்டாம். எந்த மாதம் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஒரு வருடத்துக்குச் செல்லும். வங்கிக் கணக்கும் இரண்டு வருடம் பரிவர்த்தனை இல்லாமல் கிடந்தால்தான் முடங்கும். ஒரு வருடத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இவை எல்லாமே ஒரு போன் நம்பரை நம்பி இருக்கின்றன. ப்ரீபெய்டு சிம்மைத் தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாவிட்டால் இணைப்பை நிறுத்த விதி இடம் கொடுக்கிறது. ஜெர்மனியில் உள்ளூர் சிம் போட்டுக்கொண்டு பழைய சிம்மைப் பையின் அடியில் போட்டுவிட்டால் ஓ.டி.பி. வராது. போனோ சிம்மோ தொலைந்தால், எல்லாவற்றையும் மறுபடி எடுக்க ஒரு கவுன்ட்டரில் போய் நிற்க வேண்டும். அங்கே கேட்கிற முதல் தாள்களில் ஒன்று முகவரிச் சான்று.

அப்படியானால் எந்த முகவரி? கொழுந்தனார் வீடு பக்கம், பழக்கம்; திருச்சி தூரம். ஆனாலும் பிறகு குடியேறப்போவது திருச்சி என்றால் மகள் வீட்டு முகவரிதான் சரி. இல்லாவிட்டால் ஒரே வருடத்தில் இரண்டு முறை எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். 2023-இலிருந்து ஆதாரில் குடும்பத் தலைவரின் சம்மதத்தோடு அவருடைய முகவரிக்கு மாறிக்கொள்ளும் வசதி இருக்கிறது. மகள் என்பதற்கு ஒரு சான்றை ஏற்றினால், அவள் தன் ஆதார் கணக்கில் 30 நாளுக்குள் சம்மதம் கொடுத்தால் போதும். இது பொய் முகவரி ஆகாதா என்ற தயக்கம் உங்களுக்கு வந்தால் அது நல்ல தயக்கம். பதில் எளிது: குவார்ட்டர்ஸிலிருந்து நேராக ரயிலடிக்குப் போகாதீர்கள். சாவியை ஒப்படைத்ததும் ஒரு மாதமாவது திருச்சியில் போய் இருங்கள், பயணத்தின் இடையிடையே அங்கேயே திரும்புங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. ஆகவே நடுவில் ஒருமுறை நீங்கள் வந்தே ஆக வேண்டும். திரும்பி வருவீர்கள் என்பதற்கு அடையாளமும் அப்போது கேட்பார்கள். குடும்ப அட்டையை மட்டும் கடைசிக்கு விடுங்கள். அது தனிச் சமையல் இருக்கும் வீட்டுக்கு உரியது. சொந்தமாகக் குடியேறிய பிறகு மாற்றுவதே முறை. காஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, அதற்கான வவுச்சரைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி சாமானுக்கு வருவோம். மாதம் 5,000 ரூபாய்க்குச் சின்ன வீடு ஒன்று பிடித்து எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வருடத்துக்கு 60,000 ரூபாய். முன்பணமும் ஏற்றுகூலி இறக்குகூலியும் தனி. பழைய கட்டிலும் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் சேர்ந்து விற்றால் அந்தத் தொகை தேறுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இதில் மழையையும் சேர்க்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகையில் பூட்டிய வீடு ஈரத்தையும் கரையானையும் வளர்க்கும். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயல் இந்தப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் என்ன செய்தது என்பதைப் பார்த்தவர்கள், பூட்டிய கூரையை நம்பமாட்டார்கள். ஆகவே ஒரே ஒரு விதி: ஓடிக்கொண்டே இருந்தால்தான் கெடாத பொருளை விற்றுவிடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி, ஸ்கூட்டர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் இந்த வகை. டவுன்ஷிப்பில் புதிதாக ஒதுக்கீடு பெறும் இளம் குடும்பங்கள் எப்போதும் உண்டு. விலை கொஞ்சம் குறைந்தாலும் லாரி வாடகை மிச்சம். கட்டில், பீரோவைத் திருச்சி வீட்டில் வைக்க இடம் இருக்கிறதா என்று மகளைக் கேளுங்கள். அவள் தயங்கினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்தாலும் மறுபடி கிடைக்காததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சீர்ப் பாத்திரத்தில் பெயரும் தேதியும் வெட்டியிருக்கிறவை தனி, வெறும் எவர்சில்வர் தனி. முதலாவதைத் துடைத்துக் காயவைத்து, ஒன்றுக்குள் ஒன்றாகக் காகிதம் கொடுத்து அடுக்கினால் இரண்டு பெட்டிக்கு மேல் போகாது. பட்டுப்புடவைக்கு வெயிலைவிட, ஒரே மடிப்பில் ஒரு வருடம் கிடப்பதுதான் ஆபத்து. மடித்த கோட்டிலேயே ஜரிகை முறியும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, அந்துருண்டை படாமல் வையுங்கள். திருச்சிக்கு நடுவில் வரும்போது பிரித்துக் காற்றாட விட்டு மடிப்பை மாற்றுங்கள். பொருளும் முகவரியும் ஒரே இடத்தில் இருந்தால்தான் இது நடக்கும். பத்திரம், மதிப்பெண் சான்று, பணி ஆவணங்களை ஸ்கேன் செய்துவிட்டு அசலை லாக்கரில் வையுங்கள். தீ, திருட்டு, கட்டட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கி ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து இருக்கிறது. வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றம் அதில் சேராது. அதனால் எல்லாவற்றையும் நீர் புகாத உறையில் போடுங்கள்.

இவ்வளவு திட்டம் போட்டால் பயணத்தின் சுவையே போய்விடுமே என்று உங்கள் சின்ன மகள் சொல்லக்கூடும். நகரத்தார் மூன்று வருடக் கணக்குக்குப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய் வந்த காலத்தை அவளுக்குச் சொல்லுங்கள். அத்தனை நாள் அவர்கள் கடல் கடந்து இருக்க முடிந்ததற்குக் காரணம், செட்டிநாட்டில் அவர்கள் பெயருக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. ஒரு முன்னெச்சரிக்கையும் தேவை. பொதுத்துறை நிறுவன வழக்கு ஒன்றில், காலம் கடந்து குவார்ட்டர்ஸில் இருந்தவரின் அபராத வாடகையைப் பணிக்கொடையிலிருந்து கழிக்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே அனுமதித்த நாளைத் தாண்டாதீர்கள், அதற்குள் முகவரியை முடியுங்கள். ஆதாரும் வங்கியும் மாறி, திருச்சி முகவரிக்கு வந்த முதல் கடிதத்தை மகள் கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகு வாஷிங் மெஷினுக்கு விலை பேசலாம். கொல்லையில் நீங்கள் வைத்த மாமரம் எந்தப் பெட்டியிலும் அடங்காது. அடுத்து வருகிறவரிடம் எந்த மாதம் காய்க்கும் என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.