டர்போ பட்டன் பார்த்த வேலை

கே: கம்ப்யூட்டர் மந்தமானால் டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து நாலைந்து முறை ரெஃப்ரெஷ் அடிக்கச் சொல்கிறார் என் அண்ணன். இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தது யார்?
- கல்லூரி மாணவி, திண்டுக்கல்

ப: அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர் மாஸ்டர். அவருக்கு அவருடைய மாஸ்டர். குரு சிஷ்ய பரம்பரையம்மா, காரணம் கேட்கக் கூடாது. பிரவுசிங் சென்டர் காலத்தில் எஃப்5 கட்டையில் எழுத்தே அழிந்திருக்கும், அவ்வளவு பக்தி. ஆனால் ரெஃப்ரெஷ் செய்வது ஒரே ஒரு காரியம்தான். டெஸ்க்டாப்பில் என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று மறுபடி பார்த்து, ஐகான்களைத் திரும்ப வரைந்து வைக்கும். ராமில் ஒரு துளி இடம்கூடக் காலியாகாது. ஐகான்கள் சட்டென்று மறைந்து வந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது, மெதுவாக வந்தால் இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். நாடி பிடித்துப் பார்ப்பது மாதிரி. நாடி பிடித்ததற்கே காய்ச்சல் இறங்கிவிட்டது என்கிறார் உங்கள் அண்ணன்.

கே: பழைய கம்ப்யூட்டர்களில் டர்போ என்று ஒரு பட்டன் இருந்ததே, அமுக்கினால் எவ்வளவு வேகம் கூடும்? இப்போது ஏன் வைப்பதில்லை? என் புது கம்ப்யூட்டருக்கு அதுதான் தேவை.
- ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கும்பகோணம்

ப: ஐயா, அது வேகத்தைக் குறைக்க வந்த பட்டன்.

கதை 1981 ஆகஸ்டில் தொடங்குகிறது. ஐபிஎம் அப்போது வெளியிட்ட பிசியில் இருந்தது இன்டெல் 8088 சிப். 5 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும் அதை 4.77-ல் ஓட்டினார்கள். அதென்ன கணக்கு? அமெரிக்கக் கலர் டிவியின் கணக்கு. அங்கே டிவி சிக்னலில் நிறத்தைச் சுமந்துவரும் அலை 3.58 மெகாஹெர்ட்ஸ். அதன் நாலு மடங்கான 14.318-ல் துடிக்கும் படிகம் ஒன்றை போர்டில் பதித்தார்கள். நாலால் வகுத்தால் டிவிக்கு ஆச்சு, மூன்றால் வகுத்தால் சிப்புக்கு ஆச்சு. அவ்வளவு பெரிய கம்பெனி ஒரு படிகத்தில் சிக்கனம் பிடித்ததால், பிசி என்றாலே 4.77 என்று உலகத்துக்கே விதியாகிவிட்டது.

அந்த விதியை நம்பிக் கெட்டவர்கள் கேம் எழுதியவர்கள். பலர் கடிகாரத்தைப் பார்த்து நிரல் எழுதவில்லை. சிப்பை வெட்டியாக இத்தனை வரை எண்ணு என்று விட்டு, எண்ணி முடிக்கும் நேரத்தையே அளவாக வைத்துக்கொண்டார்கள். பிறகு 8, 10, 12 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டி கம்பெனிகளின் பிசிக்கள் வந்தன. எண்ணிக்கை அதே, எண்ணும் ஆள்தான் படுவேகம். விண்கலத்தை நகர்த்த விரலைத் தூக்குவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அதனால்தான் பழைய வேகத்துக்கு இறக்கிவிட ஒரு பட்டன். அதற்கு ‘மந்தம்’ என்று பெயர் வைத்தால் எவன் வாங்குவான்? டர்போ என்றார்கள். மெஷின் சாதாரணமாக ஓடுவதே டர்போ. பட்டனைத் தட்டினால் பழைய நடை.

இதைவிட அழகு, பெட்டி முகப்பில் பளிச்சென்று எரியுமே ‘66’ என்று வேக எண். அது எதையும் அளந்து காட்டவில்லை. பின்பக்கம் குட்டி ஜம்பர்களை மாற்றிச் செருகினால் எந்த எண் வேண்டுமோ அந்த எண். அசெம்பிள் செய்பவர் மனது வைத்தால் 99. கேம்கள் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்டதும் பட்டன் போய்விட்டது.

கே: லேப்டாப் ஸ்டார்ட் ஆவதற்குள் காபி போட்டு, குடித்து, டம்ளரும் கழுவிவிடுகிறேன். என்ன செய்ய? தயவுசெய்து தூசியைப் பற்றிப் பேசாமல் பதில் சொல்லவும்.
- இல்லத்தரசி, ஈரோடு

ப: முயல்கிறேன். முதலில் ரீஸ்டார்ட். தினமும் ஷட் டவுன் செய்கிறேனே என்பீர்கள். 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஷட் டவுன் அரைத் தூக்கம். சீக்கிரம் எழுந்துகொள்ள வேண்டும் என்று விண்டோஸின் அடிப்படைப் பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்து, மறுநாள் எடுத்துப் போட்டுக்கொள்ளும். நேற்றைய கோளாறும் சேர்ந்தே எழுந்திருக்கும். புதிதாய்ப் பிறக்க ரீஸ்டார்ட்தான் வேண்டும்.

அடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். ஸ்டார்ட்அப் பக்கத்தில், லேப்டாப் விழிக்கும்போதே கூட வந்து உட்காரும் வேண்டாத புரோகிராம்களை நிறுத்துங்கள். டிஸ்க் 100 சதவீதம் என்றே நின்றால், பெரும்பாலும் உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க் சுற்றுகிறது. 5,400 ஆர்பிஎம் என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். துண்டு துண்டாகக் கிடக்கும் ஆயிரம் ஃபைலைத் தேட ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும். சுற்றுவதற்கே எதுவும் இல்லாத எஸ்எஸ்டி போடுங்கள். போட்ட செலவுக்கு இதைப் போல் பலன் வேறெதிலும் இல்லை. ராம் 4 ஜிபி என்றால் எட்டாக்க முடியுமா என்று கேளுங்கள். சில மாடல்களில் ராமை போர்டோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள். துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டீஃப்ராக் ஹார்ட் டிஸ்க்குக்கு வந்த வைத்தியம், எஸ்எஸ்டிக்கு வேண்டாம்.

இதெல்லாம் செய்தும் அரை மணியில் மறுபடி திணறுகிறதா? அடிப்பக்கம் சுடுகிறதா? மன்னிக்கவும், தூசி. ஃபேன் வாயில் பஞ்சு மாதிரி அடைத்திருக்கும். சூடு ஏறினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வைரஸ் என்று பழி சுமத்துகிறோம், குற்றவாளி லேப்டாப்பை வைத்து ஓட்டும் மெத்தை விரிப்பு.

கே: ஒரு சாஃப்ட்வேர் போட்டாலே ராம் இரட்டிப்பாகுமாமே?
- செல்போன் கடைக்காரர், நாகர்கோவில்

ப: 1995-ல் அமெரிக்காவில் சாஃப்ட்ராம்95 என்று ஒன்று இதையே சொல்லி லட்சக்கணக்கில் விற்றது. பிரித்துப் பார்த்தால் ராமைச் சுருக்கும் வேலையே அதில் நடக்கவில்லை. அமெரிக்க வணிக ஆணையம் தலையிட்டது. ராம் வேண்டுமானால் ராம் வாங்குங்கள்.

கே: பள்ளிக்கூட கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்பைக் கழற்றச் சொன்னது சரஸ்வதி இருக்கிறாள் என்பதாலா?
- நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள்

ப: சரஸ்வதி பிறகு வந்து சேர்ந்தவள். அந்தக் காலப் பெரிய கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தட்டுகளைக் கழற்றி மாட்டுவார்கள். படிக்கும் முனைக்கும் தட்டுக்கும் இடையே ஒரு தூசி புகுந்தால் போச்சு. 1973-ல் ஐபிஎம் தட்டையும் முனையையும் ஒரே மூடிய பெட்டிக்குள் வைத்துவிட்டது. நம் பள்ளிகளுக்கு கம்ப்யூட்டர் வந்தபோது அந்த ஆபத்து பெரும்பாலும் தீர்ந்துபோயிருந்தது. செருப்பு மட்டும் வாசலிலேயே நின்றது. விதிக்குக் காரணம் போனாலும் விதியை நான் ஆதரிக்கிறேன், ஃபேனுக்கு நல்லது. ஆயுத பூஜைக்கும் இதையே சொல்வேன். பொட்டு மானிட்டர் ஓரத்தில் இருக்கட்டும்; விபூதியை ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.