வாடிய மரம் இறந்த மரமன்று

2014ஆம் ஆண்டு ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை, 27 நாள்கள் சிங்கப்பூர் மழையின்றி வறண்டது. பசும்புல்வெளிகள் பழுப்பு நிறமாயின. இத்தகைய வறட்சியில் தோட்டத்து அழகு மரங்களும் வாடி, இலைகளை உதிர்க்கின்றன. ஏன்?

வேர்கள் உறிஞ்சும் நீரில் பெரும்பகுதி இலைத்துளைகள் வழியே ஆவியாகிவிடுகிறது. மண் காயத் தொடங்கியதும் மரம் அத்துளைகளை மூடிக்கொள்கிறது. அதுவும் போதாதபோது இலைகளை உதிர்க்கிறது. இலைகள் குறைந்தால் நீரிழப்பும் குறையும். ஆகவே, இலையுதிர்வு பெரும்பாலும் மரத்தின் தற்காப்பு முயற்சியே ஆகும்.

இவ்வேளையில் நாம் எவ்வாறு உதவலாம்? நீர் குறைவாக இருந்தால், அண்மையில் நட்ட இளமரங்களுக்கே முதலிடம் தர வேண்டும்; அவற்றின் வேர்கள் இன்னும் பரவியிருக்கமாட்டா. நாள்தோறும் சிறிது தெளிப்பதைவிட, சில நாள்களுக்கு ஒருமுறை காலையில் மண் ஆழமாக நனையுமாறு ஊற்றுவதே நன்று. வளர்ந்த மரங்களுக்கு அடிமரத்தில் ஊற்றாமல், கிளைகளின் விளிம்புக்கு நேர்கீழே ஊற்ற வேண்டும். நீரை உறிஞ்சும் நுண்வேர்கள் அங்கே மிகுதி. காய்ந்த இலைகளை மண்மீது 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை பரப்பினால் ஈரம் காக்கப்படும். ஆனால், அவை அடிமரத்தைத் தொடக்கூடாது. வறட்சி நீங்கும்வரை உரமிடுவதையும் கிளைகளை வெட்டுவதையும் தவிர்க்க வேண்டும்.

மொட்டையாக நிற்கும் மரத்தை இறந்துவிட்டதாக எண்ணி வெட்டிவிடாதீர்கள். சிறு கிளையின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் அக்கிளையில் உயிர் இருக்கிறது. பல்லாண்டுகள் வளர்ந்த நிழலை ஒரே நாளில் இழந்துவிடலாம். மீண்டும் பெறப் பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டும்.