ஜாதிக்காய்க் கன்று: ஆணா, பெண்ணா?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் மலைப்பாதையில் பர்லியார் என்னுமிடத்தில் தோட்டக்கலைத் துறையின் அரசுப் பண்ணை உள்ளது. கிராம்பு, ஜாதிக்காய், மங்குஸ்தான் மரங்கள் அங்கு நிழலடர்ந்து நிற்கின்றன. விடுமுறை நாளில் குடும்பத்துடன் செல்வோர் மங்குஸ்தான் பழத்தைத்தான் தேடுவார்கள். தென்னந்தோப்பு உள்ள விவசாயி நின்று பார்க்க வேண்டியது ஜாதிக்காய் மரத்தை.

இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளைச் சேர்ந்த இம்மரத்தில் ஆண், பெண் என்று தனித்தனி மரங்கள் உண்டு. காய்ப்பது பெண் மரமே. விதையிட்டு வளர்த்த கன்றுகளில் ஏறத்தாழ பாதி ஆணாகிவிடும். இலையையோ தண்டையோ பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நடவு செய்து ஐந்து முதல் எட்டு ஆண்டு கழித்துப் பூத்த பிறகே தெரியும். அதுவரை உரமும் நீரும் விட்டு வளர்த்தவர், பத்தில் ஐந்து மரம் காய்க்காது என்று அறியும்போது கோடரியை எடுப்பது இயல்பு. ஆனால் அவசரப்பட வேண்டாம்.

முதலில் பூவைக் கவனிக்க வேண்டும். ஆண் பூக்கள் கொத்துக் கொத்தாக, ஒல்லியாக இருக்கும். பெண் பூ பெரும்பாலும் தனித்தோ, இரண்டு மூன்றாகவோ வரும். அடிப்பகுதி சற்றுப் பருத்திருக்கும். ஒரு பூவைக் கிள்ளிப் பிளந்து பார்த்தால் ஐயம் தீரும். பெண் பூவில் உருண்ட சூலகம் இருக்கும். இரு வகைப் பூவும் தாங்கும் மரங்களும் அபூர்வமாக உண்டு. ஆகவே ஒரு கிளையைப் பார்த்து முடிவு செய்யாமல் அடுத்த பூப்பையும் பார்ப்பது நல்லது.

ஆண் மரம் முற்றிலும் வீணல்ல. மகரந்தத்துக்கென்று பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் தேவை. மிகுதியானவற்றைப் பெண்ணாக மாற்றலாம். மரத்தின் மேற்பகுதியை வெட்டிவிட்டு, உணவு தயாரிக்க ஒன்றிரண்டு பக்கக் கிளைகளை மட்டும் விட்டுவைக்க வேண்டும். வெட்டிய இடத்துக்குக் கீழே துளிர்க்கும் இளந்தண்டுகளில், நன்கு காய்க்கும் பெண் மரத்தின் மொட்டை வைத்து ஒட்டுக் கட்டலாம். மொட்டு பிடித்து வளர்ந்தபின் விட்டுவைத்த கிளைகளை நீக்கிவிடலாம். கை பழகிய ஒட்டுக்காரர் செய்தால்தான் இது பிடிக்கும்.

புதிதாக நடுவோருக்கு ஒட்டுக்கன்றே ஏற்றது. முதல் இலை விட்ட நிலையில், அரை சென்டிமீட்டர் பருமனுள்ள நாற்றைப் பிளந்து, இரண்டு மூன்று இலை கொண்ட பெண் மரத்துக் குச்சியை ஆப்புப் போல் சீவிச் செருகிக் கட்டுவார்கள். பாலிதீன் உறையிட்டு ஒரு மாதம் குளிர்ந்த நிழலில் வைத்தபின் உறையைத் திறந்து, படிப்படியாகப் பழக்குவார்கள். வாங்கும்போது குச்சி எந்தக் கிளையில் எடுத்தது என்று கேட்க வேண்டும். இதைக் கேட்பவர் மிகக் குறைவு. நேராக ஓங்கும் தண்டில் எடுத்தது நிமிர்ந்து மரமாகும். பக்கக் கிளையில் எடுத்தது புதர் போல் படர்ந்து தாழ்வாக நிற்கும். தாழ்ந்த மரத்தில் காய் பறிப்பது எளிது. எல்லாக் கன்றும் பெண்ணாகவே வாங்கிவிட்டால் மகரந்தத்துக்கு வழியிராது. ஓர் ஆண் ஒட்டும் சேர்த்தே வாங்க வேண்டும்.

நிழல் விழும் வளர்ந்த தோப்பில், நான்கு தென்னைக்கு நடுவே ஒரு கன்று என நடலாம். கோடையில் நீர் விட வசதியில்லாத தோப்புக்கு இது ஏற்றதல்ல. தண்ணீர் தேங்கும் நிலமும் ஆகாது.

பூத்து ஒன்பது மாதத்தில் காய் முற்றித் தானே வெடிக்கும். உள்ளே செந்நிற ஜாதிபத்திரி கொட்டையைச் சுற்றியிருக்கும். அதைப் பிய்க்காமல் உரித்துத் தனியாக உலர்த்த வேண்டும். கொட்டையை ஆட்டினால் உள்ளிருக்கும் பருப்பு கலகலவென்று ஒலிக்கும்வரை காய வேண்டும். அறுவடை பெரும்பாலும் தென்மேற்குப் பருவ மழையில் வருவதால் வெயிலை நம்பினால் பூசணம் பிடித்துவிடும். மழைக்காலத்தில் இளஞ்சூட்டில் உலர்த்த ஓர் ஏற்பாட்டைக் காய்ப்புக்கு முன்பே செய்துகொள்ள வேண்டும்.