பதினான்கு வேண்டாம், மூன்று போதும்

கேள்வி: புதுச்சேரியில் எங்கள் குடும்ப ஓட்டலின் மாடியில் 40 பேர் உட்காரும் சின்ன பார் திறக்கப் போகிறோம். காக்டெயில் மட்டும் 10 வகை. கண்ணாடிச் சாமான் வியாபாரி 14 விதமான கிளாஸ்களுக்கு விலைப்பட்டியல் நீட்டுகிறார். 300 மில்லி மார்ட்டினி கிளாஸும் செம்புக் குவளையும் கட்டாயம் வேண்டும் என்கிறார். எதை வாங்குவது, எதை விடுவது?
– வாசகர், புதுச்சேரி

பதில்: விலைப்பட்டியலை மூடி வையுங்கள். முதலில் உங்கள் 10 காக்டெயில்களையும் ஒருமுறை செய்து, வடித்து, அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டாக்கிரி என்றால் ரம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 25, சர்க்கரைப் பாகு 20; மொத்தம் 105. ஐஸ் போட்டுக் குலுக்கி வடித்தால் 140-ஐ ஒட்டி வந்துவிடும். கூடியது ஐஸ் உருகிய தண்ணீர். கிளாஸ் வாங்க வேண்டியது இந்த 140-க்குத்தான்.

அதை அந்த 300 மில்லி மார்ட்டினி கிளாஸில் ஊற்றிப் பாருங்கள். மேலே கால்வாசி உயரம்தான் காலியாகத் தெரியும். ஆனால் அது கூம்பு. அந்தக் கால்வாசிக்குள் கொள்ளளவில் பாதிக்கு மேல் ஒளிந்திருக்கிறது. குறைவாகத் தெரிகிறதே என்று பார்டெண்டர் விளிம்புவரை நிரப்பினால் ஒருவர் பில்லில் இரண்டு பேர் சரக்கு போய்விடும். குடிப்பவருக்கும் லாபமில்லை, பாதியைத் தாண்டும் முன்பே மீதி வெதுவெதுப்பாகிவிடும். போதாததற்கு உங்களுடையது மாடி பார். அகல வாய்க் கூம்பைத் தட்டில் ஏந்திக்கொண்டு படியேறும் பையனின் சட்டையில்தான் முதல் மடக்கு.

ஐஸ் இல்லாமல் பரிமாறும் வகைகளுக்கு, கைச்சூடு ஏறாமல் இருக்கக் காம்பு வைத்த கிளாஸ் வேண்டும். அகலக் கிண்ணம் போன்ற ‘கூப்’ கிளாஸ் அழகுதான். என்றாலும் உங்களுக்கு ‘நிக் அண்ட் நோரா’வைச் சொல்வேன். 1934-இல் வந்த ‘தி தின் மேன்’ படத்தின் தம்பதி பெயர் அது. கிட்டத்தட்ட முட்டையின் மேல்முனையைச் சீவிய வடிவம். பக்கங்கள் நிமிர்ந்து நிற்பதால் அவ்வளவாகத் தளும்பாது. 180 மில்லி கொள்வதாகப் பார்த்து வாங்குங்கள். பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஃப்ரீசருக்குள் போகட்டும்.

சோடா கலப்பவற்றுக்கு 350 மில்லி ஹைபால், ஒடுங்கலாக, நேராக. வாய் குறுகினால் கேஸ் மெதுவாகப் போகும். ஐஸில் பரிமாறுபவற்றுக்கு 300 மில்லி ராக்ஸ். அடி கனமாக இருக்கட்டும், சர்க்கரையை உள்ளேயே நசுக்க வேண்டிவரும். கடைக்குப் போகும்போது உங்கள் ஐஸ் கட்டி அளவில் ஒரு மரக்கட்டையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கட்டி நுழையாத ராக்ஸ் கிளாஸை நான் பார்த்திருக்கிறேன்.

செம்புக் குவளை ‘மாஸ்கோ ம்யூல்’ என்ற ஒரே காக்டெயிலுக்காக 1940-களில் அமெரிக்காவில் பிரபலமானது. ஓட்கா, ஜிஞ்சர் பீர், எலுமிச்சை; எலுமிச்சை விழுந்தால் புளிப்புதான். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாமல் புளி கரைத்து ஊற்ற நம் பாட்டிகள் விடுவார்களா? அதே விஷயத்தைத்தான் 2017-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலம் எச்சரிக்கையாகச் சொன்னது: பிஎச் 6-க்குக் கீழே உள்ள எதையும் வெறும் செம்பில் பரிமாறாதீர்கள் என்று. உட்புறம் ஸ்டீல் வைத்த குவளை கிடைத்தால் ஒரு டஜன் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஹைபாலிலேயே கொடுக்கலாம், யாரும் எழுந்து போய்விட மாட்டார்கள்.

ஹைபாலும் ராக்ஸும் எளிதில் உடையாத டஃபன்டு கண்ணாடியாக இருந்தால் நல்லது. இரண்டு வருடம் கழித்தும் அதே மாடல் கிடைக்குமா என்று வியாபாரியிடம் கேளுங்கள். உடைவது உடையத்தான் செய்யும். உடைந்த இடத்தில் வேறு கிளாஸ் வந்து நின்றால் மேஜை இரவல் வாங்கியது போலிருக்கும்.

நான் பாரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சனிக்கிழமை ராத்திரி, அவசரத்தில் ஹைபால் கிளாஸாலேயே ஐஸை அள்ளினேன். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். விளிம்பில் அரிசி அளவுக்குச் சில்லு போயிருந்தது. ஐஸுக்குள் கண்ணாடியைத் தேடிப் பிடிக்க முடியுமா? சீனியர் ஒரு வார்த்தை பேசவில்லை. கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து ஐஸ் பெட்டி முழுவதும் ஊற்றினார். ஐஸ் மொத்தமும் உருகி ஓடியபின் அடியில் அந்தச் சில்லு மின்னியது. பெட்டியைத் துடைத்து மறுபடி நிரப்பும்வரை, சுமார் முக்கால் மணி நேரம், பார் நின்றுபோனது. கிளாஸ் ஆர்டரோடு இரண்டு ஸ்டீல் ஸ்கூப்பும் சேர்த்து எழுதுங்கள். ஐஸுக்குள் புதைத்து வைக்காமல், பெட்டிக்கு வெளியே கொக்கியில் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கட்டும்.